கேள்வி – பதில்: பந்தய விளையாட்டில் நுழைந்த ஹாட் ராட் கார்கள்

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்: கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரன் நாள் முழுவதும் கார் பந்தய வீடியோ விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். அதில் ‘ஹாட் ராட்’ என்னும் கார்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம். பார்த்தால் என் ஐயா காலத்துக் கார் போலத்தான் இருக்கிறது. மட்கார்டு இல்லை, பானெட்டும் இல்லை, எஞ்சின் வெளியே தெரிகிறது. அது இன்றைய கார்களை முந்திச் செல்வதாகக் காட்டுவது வெறும் கற்பனைதானே?

கற்பனை அன்று. வேகத்துக்காகப் பட்டறையில் மாற்றிக் கட்டிய பழைய காரைத்தான் ஹாட் ராட் என்கிறார்கள். உங்கள் பேரன் ஓட்டுவது பெரும்பாலும் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காராக இருக்கும். எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஃபோர்டு நிறுவனம் முதன்முதலாகக் கொடுத்தது அந்த ஆண்டில்தான். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின் இன்றைய கணக்கில் எளியதே. ஆனால், சில ஆண்டுகள் கழித்து அந்தக் கார்கள் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கத் தொடங்கியபோது, தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, எடை குறைவதற்காக மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, காற்றின் தடை குறைவதற்காகக் கூரைத் தூண்களை அறுத்துத் தாழ்த்தி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய குழுக்கள் 1937இல் ஒரு சங்கமாக இணைந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து, இயந்திர வேலை பழகிய வீரர்கள் ஊர் திரும்பியதும் இந்த ஆர்வம் நாடெங்கும் பரவியது; 1948 ஜனவரியில் இதற்கென்றே ஒரு மாத இதழ் தோன்றியது. 1955இல் செவர்லே வெளியிட்ட சிறிய வி-8 எஞ்சினைப் பழைய ஃபோர்டு உடலுக்குள் பொருத்துவது பிறகு வழக்கமாயிற்று. ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள வண்டியில் இருநூறு முந்நூறு குதிரைத்திறனை ஏற்றினால், நேர்ச் சாலையில் அது இன்றைய பல கார்களை முந்தத்தான் செய்யும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தூணையும் நிலையையும் வாங்கிப் புது வீடு கட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹாட் ராட் கட்டுகிறவரும் அவ்வாறே உடலை ஒரு காரிலிருந்தும், எஞ்சினை இன்னொன்றிலிருந்தும், அச்சை மூன்றாவதிலிருந்தும் எடுத்துச் சேர்க்கிறார்.

காரைக்குடி பொறியியல் மாணவர் ஒருவர்: தொழிற்சாலையில் செய்த காரை விளையாட்டில் சேர்ப்பதற்கும் இத்தகைய காரைச் சேர்ப்பதற்கும் என்ன வேறுபாடு? நான் ஓட்டும்போது வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தியவுடன் வண்டி சுழன்றுவிடுகிறது. இது விளையாட்டின் குறையா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைக் காருக்கு வரைபடம் உண்டு. எடை, பல்சக்கர விகிதம், ஸ்பிரிங்கின் விறைப்பு ஆகிய எல்லாவற்றையும் நிறுவனமே தந்துவிடும். தனியொருவர் பட்டறையில் கட்டிய வண்டிக்கு அப்படிப்பட்ட ஏடு எதுவும் இல்லை. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வண்டியை விளையாட்டில் உள்ளபடியே கொண்டுவர வேண்டுமானால், அந்த ஒற்றை வண்டி நிற்கும் இடத்துக்கே சென்று, லேசர் கருவியால் அதன் வடிவத்தை அளந்து, நூற்றுக்கணக்கில் படமெடுத்து, சைலன்சர் அருகிலும் எஞ்சின் அருகிலும் இருக்கையிலும் ஒலிவாங்கி வைத்து ஓசையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இத்தனையும் செய்தாலும் கிடைப்பது தோற்றமும் ஓசையும் மட்டுமே. வண்டி எப்படி அசைய வேண்டும் என்பதை எண்களால் எழுதுவது தனி வேலை; என் கருத்தில், ஹாட் ராட் விளையாட்டுக்குள் உண்மையாகவே வந்திருக்கிறதா, அல்லது அதன் சட்டை மட்டும் வந்திருக்கிறதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

1932 ஃபோர்டில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. லாரிகளில் நீளவாக்கில் காணப்படும் லீஃப் ஸ்பிரிங் இதில் அச்சுக்கு மேலே குறுக்குவாக்கில் கிடக்கிறது. இடச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் வலச் சக்கரமும் சாய்கிறது. பெரும்பாலான ஹாட் ராட்களில் முன் டயர் ஒல்லியாகவும் பின் டயர் பருத்தும் இருக்கும். அதனால் வளைவுக்குள் நுழையும்போது முன்பகுதிக்குப் பிடிப்புப் போதாமல் வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளும். நீங்கள் பொறுமை இழந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால், எஞ்சினின் முழு ஆற்றலும் பின் டயர்களில் இறங்கி வால்பகுதி வீசிக்கொண்டு போகும். நீங்கள் குறையென்று எழுதியிருப்பது அந்த விளையாட்டைச் செய்தவர்கள் கவனமாக வேலை பார்த்திருப்பதற்கு அடையாளம். ஹாட் ராட் சாதாரணப் பந்தயக் கார் போல வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் விளையாட்டையே நான் சந்தேகிப்பேன்.

பிரேக்கையும் கவனியுங்கள். ஃபோர்டு கார்களுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் 1939 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தையவை கம்பிகளால் இழுக்கப்பட்டவை. பட்டறைக்காரர்கள் பிந்தைய பிரேக்கைப் பழைய வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். விளையாட்டில் உங்கள் வண்டிக்கு எந்தப் பிரேக் கிடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, வளைவுக்கு வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங் நேரான பிறகு ஆக்சிலேட்டரைத் தொடுங்கள். ஃபோர்ஸா போன்ற பந்தய விளையாட்டுத் தொடர்களில் ஒவ்வொரு காருக்கும் தரப்படும் திறன் எண்ணை நம்பி வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; நேர்ச் சாலையின் வலிமையும் வளைவின் பலவீனமும் அந்த ஓர் எண்ணுக்குள் கலந்து மறைந்துவிடுகின்றன.

தேவகோட்டை வாசகி ஒருவர்: பெயர் தெரியாத ஒருவர் தம் வீட்டில் கட்டிய கார் இப்படிப் பெரிய விளையாட்டுக்குள் வந்தது உண்டா?

உண்டு. லாஸ் வேகஸில் நடக்கும் சீமா என்ற கார் உதிரிபாகக் கண்காட்சியில் 2003 முதல் கிரான் டூரிஸ்மோ என்ற பந்தய விளையாட்டுத் தொடரின் தயாரிப்பாளர்கள், பிறர் மாற்றியமைத்த கார்களுக்கு விருது கொடுத்து, வென்றவற்றைத் தங்கள் தொடருக்குள் கொண்டுவரும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 1969 ஃபோர்டு மஸ்டாங் காரின் உடலுக்குள் ஃபோர்டு ஜிடி எஞ்சினை நடுப்பகுதியில் வைத்துக் கட்டிய மாக் ஃபார்ட்டி என்ற கார், கிரான் டூரிஸ்மோ 7இல் ஓடுகிறது. அதே விளையாட்டில் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் 2022 ஜூன் மாதம் சேர்க்கப்பட்டது.

எனக்குப் பிடித்த கதை போன் ஷேக்கருடையது. பொம்மைக் கார் வடிவமைப்பாளர் லாரி வுட் வரைந்த அந்த வண்டி 2006இல் உள்ளங்கையில் அடங்கும் ஹாட் வீல்ஸ் பொம்மையாக வெளிவந்தது. பிறகு அந்தப் பொம்மையைப் பார்த்து உண்மையான காரையே கட்டினார்கள். 2017 மே மாதம் ஃபோர்ஸா ஹொரைசன் 3இன் ஹாட் வீல்ஸ் பகுதியில் அது விளையாட்டுக்குள் நுழைந்தது. 2018இல் தொடங்கிய ஹாட் வீல்ஸ் லெஜண்ட்ஸ் போட்டியில் வழி நேர்மாறானது: வீட்டுக் கொட்டகையில் கட்டிய கார் வென்றால் அது பொம்மையாகிறது. முதலாண்டில் வென்ற டூ-ஜெட்-இசட் என்ற வண்டி அவ்வாறு பொம்மையாகிப் பின்னர் ஃபோர்ஸா தொடரிலும் இடம்பெற்றது.

பள்ளத்தூர் வாசகர் ஒருவர்: எங்கள் கொட்டகையில் அப்பச்சி வாங்கிய அம்பாசிடர் பழுதாகி நிற்கிறது. அதை இதே முறையில் மாற்ற டிங்கரிங் தெரிந்த ஆள் இருக்கிறார். செய்யலாமா?

சாலையில் ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட பின், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. சட்டத்தை விட்டுவிட்டாலும், அமெரிக்க இளைஞர்கள் அறுத்தது ஊருக்கு ஆயிரம் கிடந்த வண்டியை. அப்பச்சியின் அம்பாசிடர் உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

விளையாட்டில் செய்து பார்ப்பதற்குத் தடையில்லை. அசெட்டோ கோர்ஸா, பீம்என்ஜி டிரைவ் ஆகிய இரண்டு கார் விளையாட்டுகளிலும் ரசிகர்களே கார்களைக் கட்டிச் சேர்க்கலாம். வண்டியின் உடல் வளைவதையும் நசுங்குவதையும் கணக்கிடும் பீம்என்ஜி இவ்வகை வண்டிக்கு மேலும் பொருந்தும். உடலை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். உங்கள் கார் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழி வந்ததால், முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியும் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் கொண்டது. சக்கரங்களின் இடைத்தூரம் 2,464 மில்லிமீட்டர். கூரையின் உயரம், கதவின் அகலம், டயரின் விட்டம் ஆகியவற்றை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் இன்னும் உயிர்பெறும் நிலையில் இருந்தால், பேட்டரியை மாற்றி ஒருமுறை இயக்கி அதன் ஓசையையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.