மஞ்சள் லேபிள் ஒட்டிய பெட்டி: வாசகர் கேள்வி–பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர், திருச்சி வட்டாரத் தொழிற்சாலைகளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

சிக்னலில் ஒரு வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் நின்றேன். கதவில் மஞ்சளும் வெள்ளையுமாக, மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சுச் சின்னம். அடியில் 7 என்று எண். ஐந்து மாதக் கர்ப்பிணி நான். இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். பயமாக இருக்கிறது. – வாசகி, திருவெறும்பூர்

பயப்பட வேண்டாம் அம்மா. கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

ஆபத்தான சரக்குகளை உலகம் முழுக்க ஒன்பது வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாவது வகுப்பு கதிரியக்கப் பொருள். அதுதான் அந்த 7. வண்டியின் வெளிப்பக்கத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி அளந்தால் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. ஒரு மில்லிசீவர்ட், ஆயிரம் மைக்ரோசீவர்ட்.) அந்த உச்ச அளவே இருந்தது என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்களுக்குக் கிடைத்தது சுமார் 3 மைக்ரோசீவர்ட். மண், காற்று, சாப்பாடு, வானம் என்று இயற்கையிலிருந்து எல்லாரும் அரை நாளில் வாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

நிஜத்தில் இதைவிட ரொம்பக் குறைவாகத்தான் இருந்திருக்கும். கதிர்வீச்சு எவ்வளவு என்பதை வேன் கதவில் போட மாட்டார்கள், உள்ளே இருக்கும் பெட்டியின் லேபிளில் போடுவார்கள். என்ன ஐசோடோப், எவ்வளவு, கடைசியாகக் கட்டத்துக்குள் ‘டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ்’. நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அதில் 0.6 என்றிருந்தால், பெட்டியிலிருந்து 1 மீட்டரில் மணிக்கு 6 மைக்ரோசீவர்ட் என்று அர்த்தம். 2 மீட்டர் தள்ளிப் போனால் அதுவும் கால் பங்காகிவிடும். அங்கே இரண்டு நிமிடம் நின்றவருக்குக் கிடைப்பதை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுவார். இதற்காக ஸ்கேன் எதுவும் எடுக்க ஓடாதீர்கள்.

வெல்டிங் படம் எடுக்கிற கேமராவை எங்கள் கம்பெனி வேனில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நான் என்ன கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்? – டிரைவர், துவாக்குடி

மற்றவர்களுக்கு: இது போட்டோ கேமரா இல்லை. வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் கருவி. உள்ளே இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் (இதைத்தான் ‘சோர்ஸ்’ என்போம்), சுற்றிலும் கனமான கவசம். இரிடியத்தின் வீரியம் 74 நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை புது சோர்ஸ் போட, நவி மும்பையில் இருக்கும், சோர்ஸ் தயாரித்துத் தரும் அரசு நிறுவனமான பிரிட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஆக, இது சாலையில் அடிக்கடி போகிற சரக்கு.

தம்பி, முதலில் கேட்க வேண்டியது கதிர்வீச்சு அளக்கும் மீட்டர். ‘லாக் பண்ணியாச்சு, சாவி எடுத்தாச்சு’ என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் கண் முன்னால் ரேடியோகிராபர் சர்வே மீட்டரைக் கேமராவின் நாலு பக்கமும் வைத்துக் காட்டட்டும். அளவை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே மாதிரி. அப்புறம் உங்கள் டிஎல்டி பேட்ஜ், அதாவது நீங்கள் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கெடுக்க உடம்பில் அணியும் வில்லை. சரக்குக் காகிதங்களோடு டிரெம் கார்டு, அதாவது விபத்தானால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று எழுதிய அட்டை. அது டிரைவர் கேபினில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியை வண்டியின் பின்பகுதியில், நகராதபடி கட்டுங்கள், சீட்டுக்கு அடியில் சொருகாதீர்கள்.

மஞ்சள் லேபிள் பெட்டி இருக்கும் வண்டியில் டிரைவரும் உதவியாளரும் தவிர யாரும் ஏறக் கூடாது. ‘பெரியம்மா பையன், தஞ்சாவூரில் இறங்கிக்கொள்வான்’ எல்லாம் கிடையாது. டீ குடிக்க நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். தனி ஆளாகப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இது சட்டத்தைவிட என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கவிழ்ந்தால்? இதையெல்லாம் யார் சோதிக்கிறார்கள்? – கல்லூரி மாணவர், கரூர்

இந்தியாவில் பொறுப்பு 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு. விதிகளின் வேர் சர்வதேச அணுசக்தி முகமையுடையது. முதல் பதிப்பு 1961. அந்த விதிகளில் எனக்குப் பிடித்த விஷயம், டிரைவரின் சாமர்த்தியத்தை நம்பாமல் பெட்டியை நம்புவது. ஆஸ்பத்திரி மருந்து மாதிரிச் சிறிய அளவுக்கு ‘ஏ’ வகைப் பெட்டி. கை தவறிக் கீழே விழுவது, மழையில் நனைவது, மேலே சுமை ஏறுவது போன்றவற்றைத் தாங்கினால் போதும். பெரிய அளவுக்கு ‘பி’ வகை. அதன் மாதிரியை 9 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தளத்தில் போடுவார்கள். ஒரு மீட்டரிலிருந்து இரும்புக் கம்பத்தின் மேல் போடுவார்கள். 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் அரை மணி நேரம் வைப்பார்கள். கவிழ்ந்த வண்டியைவிட இது கடுமையானது. என் கவலை வேறு: பெட்டிக்குள் சோர்ஸ் இருக்கிறதா என்பது.

மேற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ரியோ டின்டோவின் குடாய்-டாரி சுரங்கத்திலிருந்து ஓர் அளவுமானி லாரியில் பெர்த்துக்குப் போனது. உள்ளே 6 மில்லிமீட்டர் குறுக்களவும் 8 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சீசியம்-137 குப்பி. குலுங்கலில் போல்ட் கழன்று குப்பி வழியில் விழுந்துவிட்டது. 16-ஆம் தேதி வந்து சேர்ந்ததை 25-ஆம் தேதிதான் பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 1,400 கிலோமீட்டர் சாலையைத் தேட வேண்டியதாயிற்று. பிப்ரவரி 1 அன்று, 70 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டியின் கருவி சாலையோரத்தில் கண்டுபிடித்தது. அப்போது அங்கே இருந்த 1975-ஆம் வருடச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 1,000 டாலர், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 50. தேடிய ஆட்களின் டீச்செலவுக்குக்கூடக் காணாது. வந்த அன்றே வாசலில் மீட்டரை வைத்திருந்தால், இல்லை என்பது ஒன்பது நாள் முன்பே தெரிந்திருக்கும்.

எங்கள் தெருக் காயலான் கடையில் இந்தச் சின்னத்தோடு ஒரு காலிப் பெட்டி கிடக்கிறது. காலிதானே? – வாசகர், பழைய பால்பண்ணை

காலி என்று யார் சொன்னது? காலியான பெட்டியில் பழைய லேபிளைக் கிழிக்க வேண்டும் அல்லது மறைக்க வேண்டும் என்பது விதி. பல பேர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள், இதுதான் எனக்கு ஆத்திரம். ஆனால் அந்தச் சோம்பலை நம்பி நீங்கள் திறந்து பார்க்க முடியாது. 2010-ல் டெல்லி மாயாபுரி காயலான் சந்தைக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய கருவி கோபால்ட்-60-ஓடு வந்து, பிரித்தவர்களில் ஒருவர் இறந்தே போனார். கடைக்காரரிடம் தொடாமல், வெட்டாமல், நகர்த்தாமல் விலகி நிற்கச் சொல்லுங்கள். தெருப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தூரத்திலிருந்தே லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.