காப்பி வெறும் கசப்பாக இருக்கிறதா? பழுது நாக்கில் இல்லை

நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மூக்குதான் இன்னும் தேறவில்லை. காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியும் காப்பி கசப்புத் தண்ணீராக இருக்கிறது, மயிலாப்பூரில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடையைத் தாண்டினாலும் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். கசப்பு தெரிகிறதே, அது நாக்கின் வேலை. மீதி ருசியெல்லாம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சளிக்காய்ச்சல் அந்த மணமறியும் பகுதியைப் பாதிப்பது உண்டு.

ஒன்று செய்து பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரையில் கலந்த ஏலப்பொடியை ஒரு சிட்டிகை வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். பிடியை விட்டதும் ஏலம் லேசாக எழுந்தால்கூட நல்ல அறிகுறி.

அப்புறம் முகரும் பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். காலையும் இரவும், ஒவ்வொன்றையும் 20 விநாடி, குறைந்தது 12 வாரம். சும்மா முகராதீர்கள், அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகருங்கள். இப்படி மணம் தெரியாமல் இருந்த எனக்கு முதலில் திரும்பியது மல்லிகை இல்லை. மொட்டைமாடியில் காய்ந்த தரையில் நாலு துளி மழை விழுந்தபோது எழுந்த மண்வாசனை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். இடையில் காப்பி கருகல் நாற்றமடிக்கலாம், பயப்படாதீர்கள், தேறும்போது அப்படி ஆவதுண்டு.

கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போங்கள்.