திரும்பி வர வீடில்லை - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வான்கூவர் வந்திருக்கிறேன். போருக்குப் பிந்தைய கனடாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை இங்கே வந்துதான் படித்தேன். 1945இல் குழந்தைகளுக்கு மாதாமாதம் பணம், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம், கல்லூரிப் படிப்பு. கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஹேஸ்டிங்ஸ் பார்க்கில் நடப்பது வழக்கம். 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை இங்கிருந்த கால்நடைக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள் என்று ஓர் அறிவிப்புப் பலகையில் படித்தேன். போர்க்காலப் பயம், யாரை நம்புவது என்று தெரியாத நேரம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் 1949 வரை அவர்களை இந்தப் பக்கமே விடவில்லை என்று மருமகன் சொல்கிறார். போர்தான் 1945இலேயே முடிந்துவிட்டதே, அப்புறம் நாலு வருஷம் எதற்கு?

சு., மதுரை

அன்புள்ள சு. அவர்களுக்கு,

மருமகன் சொன்னது சரி. 1949 ஏப்ரல் 1 அன்றுதான் அவர்கள் கடற்கரைப் பகுதிக்குத் திரும்பலாம் என்றானது. அமெரிக்காவும் தன் ஜப்பானியர்களை முகாம்களில் அடைத்த நாடுதான். ஆனால் அங்கே போர் முடிவதற்கு முன்பே, 1945 ஜனவரியில், ஊர் திரும்ப அனுமதித்துவிட்டார்கள்.

உங்கள் கேள்வி என் கட்டுரையில் இருந்த ஓர் ஓட்டையையும் காட்டிவிட்டது. 'திரும்பியவர்களுக்கு நிலம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அது யாருடைய நிலம் என்று அங்கே நின்று கேட்டிருக்க வேண்டும். எல்லா நிலத்தையும் சொல்லவில்லை. வான்கூவரை ஒட்டிய ஃபிரேசர் பள்ளத்தாக்கில் கொடுக்க வாங்கிய நிலத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தப் 'பயம்'. இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதும் மேற்குக் கரையில் எல்லோரும்தான் நடுங்கினார்கள். ஆனால் பயப்படுவதையே வேலையாகச் செய்யவேண்டிய ராணுவ, போலீஸ் மேலதிகாரிகள் இவர்களால் ஆபத்து எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். வெளியேற்றியே ஆகவேண்டும் என்று நின்றவர்கள் வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அரசியல்வாதிகள். ஜப்பானியர்கள் சால்மன் மீன்பிடியிலும் ஸ்ட்ராபெரி தோட்டத்திலும் கை தேர்ந்தவர்கள், அதுவே பலருடைய கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. 1920களிலேயே அவர்களுக்கான மீன்பிடி உரிமங்களை அரசு வெட்டிக் குறைத்திருக்கிறது. கனடாவிலேயே பிறந்தவர்களுக்குக்கூட அந்த மாகாணத்தில் ஓட்டு கிடையாது.

1942இல் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 22,000 பேர். பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அல்லது குடியுரிமை பெற்றவர்கள். நீங்கள் நடக்கும் பார்க் வழியாக மட்டும் 8,000 பேர் போயிருக்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்குமான தடுப்புகளுக்குள் பெண்களும் குழந்தைகளும். மறைவுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஆண்களில் பலரைச் சாலை போடும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். பிறகு குடும்பங்கள் ஸ்லோகன், நியூ டென்வர், சாண்டன் என்று, சுரங்க வேலை ஓய்ந்து ஆள் இல்லாமல் கிடந்த மலையூர்களுக்குப் போயின. சுற்றுச்சூழல் விஞ்ஞானி டேவிட் சுசுகி உங்கள் மருமகனுக்குத் தெரிந்த பெயராக இருக்கும். சிறுவனாக அவரும் அந்த ஸ்லோகன் பக்கம்தான் இருந்தார்.

அவர்கள் போகும்போது வீடு, கடை, தோட்டம், படகு எல்லாம் எதிரிச் சொத்துப் பொறுப்பாளர் என்ற அரசு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டன. பத்திரமாக இருக்கும், பாதுகாப்புக்காகத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1943 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது: உரிமையாளரைக் கேட்காமலே விற்கலாம். தையல் மெஷின் வரைக்கும் ஏலத்தில் போனது. வந்த பணத்தைக்கூட மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை, மாதம் இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். முகாமில் சாப்பாட்டுச் செலவை அதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது தன் வீட்டை விற்ற காசில் சிறையில் சாப்பிடுவது.

உங்கள் 'நாலு வருஷம் எதற்கு' என்பதற்கு என் பதில் இந்த விற்பனைதான். ஆளை அடைத்து வைத்திருந்தால் போர் முடிந்ததும் திறந்துவிட்டே ஆகவேண்டும். வீட்டை விற்றுவிட்டால் அவன் எங்கே வருவான்? ஃபிரேசர் பள்ளத்தாக்கில் அவர்களுடைய நூற்றுக்கணக்கான தோட்டங்களைப் போர்வீரர் நிலத் துறை மொத்தமாக, மலிவு விலைக்கு வாங்கியது, போரிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக. நான் மெச்சி எழுதிய அந்தத் திட்டம்தான்.

இதில் சென்னோசுகே இனோயே என்பவரின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. ஹிரோஷிமாவிலிருந்து வந்தவர். முதல் உலகப் போரில் கனடா ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் காயம்பட்டவர். அப்போதும் வீரர்களுக்கு நிலம் தரும் வாரியம் ஒன்று இருந்தது. அதன் மூலம் வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் நிலம் வாங்கி, காட்டை வெட்டித் திருத்தி ஸ்ட்ராபெரி போட்டார். ஒரு போரில் வீரன் என்பதற்காகக் கிடைத்த நிலத்தை, அடுத்த போரின் வீரர்களுக்காக என்று அதே அரசு எடுத்துக்கொண்டது. அவர் சும்மா இருக்கவில்லை, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில் 1949இல் நிலம் திரும்பக் கிடைத்தது. மற்றவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. விற்ற விலைக்கும் நியாய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்குப் பார்க்க 1947இல் ஒரு விசாரணைக் கமிஷன் வந்தது, அவ்வளவுதான்.

பிரதமர் மெக்கென்சி கிங் 1944 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பேசியதைப் படித்தால் தலை சுற்றும். கனடாவில் பிறந்த ஜப்பானியர் ஒருவர் மீதுகூட நாசவேலைக் குற்றச்சாட்டு இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதே பேச்சில், இவர்கள் இனி ஒரே இடத்தில் சேர்ந்து வாழக்கூடாது, நாடு முழுக்கப் பரப்பிவிட வேண்டும் என்கிறார். 1945இல் முகாம்களில் படிவத்தை நீட்டினார்கள்: பிரிட்டிஷ் கொலம்பியாவை விட்டு ராக்கி மலைக்குக் கிழக்கே போகிறாயா, ஜப்பானுக்குப் போகிறாயா? பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பான் பட்டியலில் வந்தார்கள். பலர் பிறகு கையெழுத்தைத் திரும்பப் பெறப் போராடினார்கள். 1946இல் கிட்டத்தட்ட 4,000 பேர் கப்பலேறினார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கனடாவில் பிறந்தவர்கள். அதைத் 'தாயகம் திரும்புதல்' என்று அரசுக் காகிதங்கள் சொல்லின.

மிச்சப் பேரையும் அனுப்புவதற்கு எதிராக டொராண்டோவில் தேவாலயத்தார், தொழிற்சங்கத்தார் உட்படப் பலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் கண்டனம் பெருகியதால் 1947 ஜனவரியில் அரசே கைவிட்டது. கனடாவுக்கென்று தனிக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்தான்!

மன்னிப்பு 1988 செப்டம்பரில் வந்தது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டாலர். இதையெல்லாம் பலகையிலேயே படித்திருப்பீர்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒருநாள் ஸ்டான்லி பார்க்குக்கும் போய் வாருங்கள். முதல் போரில் சண்டையிட்ட ஜப்பானியக் கனடியர்களுக்கான நினைவுத்தூண் அங்கே இருக்கிறது, 1920இல் திறந்தது. சண்டைக்குப் போனவர்கள் இருநூறு பேருக்குச் சற்று மேல், இறந்தவர்கள் 54. உச்சியில் ஒரு விளக்கு. 1942இல் அதை அணைத்துவிட்டார்கள். 1985இல் திரும்ப ஏற்றியவர் மசுமி மிட்சுயி, அந்தப் படையினரில் அப்போது மிஞ்சியிருந்த கடைசி ஓரிருவரில் ஒருவர். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. போர்ட் கொக்விட்லமில் அவருக்கும் ஒரு பண்ணை இருந்தது. அது திரும்ப வரவில்லை.