தைராய்டு சரியாகியும் விழி துருத்துவது ஏன்?

கேள்வி: அக்காவுக்குத் தைராய்டு அதிகம் சுரந்தது. மாத்திரையில் ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாகிவிட்டது. ஆனால் விழிகள் துருத்துகின்றன. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் இரண்டாகத் தெரிகிறதாம். ஏன்?
– வாசகி, மேலூர்

பதில்: தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள்களே (உடலின் நோய் எதிர்ப்புப் புரதங்கள்) கண்குழியின் தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கின்றன. அதனால் ரத்தத்தில் தைராய்டு அளவு சரியானாலும் இந்த வீக்கம் தொடரலாம். குழியைச் சுற்றி எலும்பு. முன்புறம் மட்டுமே திறப்பு, அதனால் விழி முன்னே தள்ளப்படுகிறது. பெரும்பாலும் விழிக்கு அடியில் உள்ள தசைதான் முதலில் இறுகும். அப்போது விழி மேலே திரும்பாது, காட்சி இரட்டிக்கும்.

துருத்தலைவிடப் பயப்பட வேண்டியது பார்வை நரம்பு நசுங்குவதற்கு. அதிகம் துருத்தாத கண்ணிலும் இது நேரும். ஒரு சிவப்பு பாட்டில் மூடியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் நிறம் வெளிறித் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூடி சிவப்பாகவே தெரிந்தாலும் இரட்டைப் பார்வைக்காக இந்த வாரமே காட்டுங்கள்.

வீக்கம் தீவிரமாக இருந்தால் வழக்கமாக வாரம் ஒருமுறை நரம்பு வழியாக மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 500 மி.கி., 6 வாரம்; பிறகு 250 மி.கி., 6 வாரம். அதற்கு முன் சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை கட்டாயம். இமை முழுதும் மூடாவிட்டால் இரவில் கண் களிம்பு போடுங்கள். வீட்டில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்க வேண்டாம். அது இந்த நோயை முற்றச் செய்யும். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை கொடுப்பதாகச் சொன்னால், கண் பிரச்சினையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.