புழுவையும் கடவுள்தான் படைத்தாரா? மழலையர் கல்வி கேள்வி பதில்

இறைநம்பிக்கை, விளையாட்டு, இயற்கை மூன்றையும் சேர்த்து நடத்தும் மழலையர் வகுப்புகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட வகுப்புகளில் பாடம் நடத்தியும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தும் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. கேட்டவர் எந்த மதம் என்று பார்த்துப் பதில் எழுதவில்லை. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பிள்ளைகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

மகளுக்கு மூன்றரை வயது. பக்தியோடு வளரட்டும் என்றுதான் இந்தப் பள்ளியில் சேர்த்தோம். தினமும் சட்டையெல்லாம் மண்ணோடு வருகிறாள். ஒரு பிரார்த்தனையைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமா?

அப்படி நினைக்க வேண்டாம். இந்த வயதில் மனப்பாடமாகச் சொல்லும் பிரார்த்தனையில் பாதிச் சொற்கள் பிள்ளைக்கு வெறும் ஓசைதான். ஓசைக்கும் மதிப்பு உண்டு. தாலாட்டைப் பொருள் புரிந்தா கேட்டுத் தூங்கினோம்? அதனால் பாடுவதை நான் தடுக்க மாட்டேன். ஒப்பித்தால்தான் பக்தி வந்ததாகக் கணக்கு வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆசிரியையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வாரம் இவள் எதை நின்று பார்த்தாள்?" சட்டென்று பதில் வந்தால் கவலையே இல்லை. "நல்லா விளையாடுறா" என்பதோடு முடிந்துவிட்டால், அங்கே பிள்ளைகள் மண்ணில் இருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது யோசியுங்கள்.

நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. வெளியே அழைத்துப்போனால் ஒவ்வொன்றையும் கடவுளோடு இணைத்துச் சொல்கிறேன். எறும்பைப் பார்த்தால் உழைப்பு, பூவைப் பார்த்தால் படைப்பின் அழகு. பிள்ளைகள் காதிலேயே வாங்குவதில்லை.

வாங்க மாட்டார்கள். நீங்கள் பேச ஆரம்பித்ததுமே எறும்பு போய்விட்டதே!

ஒரு காட்சி சொல்கிறேன். ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எறும்புகள் ஒரு குளவியின் இறக்கையை இழுத்துப்போவதைப் பார்க்கிறான். இறக்கை ஒரு சருகில் மாட்டிக்கொள்கிறது. எறும்புகள் இந்தப் பக்கம் இழுக்கின்றன, அந்தப் பக்கம் தள்ளுகின்றன, ஒன்று மட்டும் இறக்கையின் மேலேயே ஏறி நிற்கிறது. பையன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்க்கிறான். இந்த நேரத்தில் "பார்த்தாயா, எறும்பு எவ்வளவு சுறுசுறுப்பு, நாமும் அப்படி இருக்க வேண்டும்" என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். அத்தோடு முடிந்தது.

நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள். அவனே ஏதாவது கேட்பான். "அந்த மேல நிக்கிற எறும்பு என்ன பண்ணுது?" என்பான். "தெரியலையே, என்ன பண்ணுதாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஜெரோம் பெரிமன் என்ற அமெரிக்கப் போதகர் பைபிள் கதைகள் சொல்லும்போது கையாண்ட வழியும் இதுதான்: கதை முடிந்ததும் பாடம் சொல்லாமல், "இதில் எந்தப் பகுதி உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்?", "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்பது போல விடை முடிவு செய்யாத கேள்விகளை வைப்பார். அது இயற்கைக்கும் அப்படியே பொருந்தும்.

பிரார்த்தனையைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் பார்த்தவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, "எறும்புக்கு நன்றி, குளவி இறக்கைக்கு நன்றி" என்று அடுக்கினாலே போதும். நம்மால் இயற்ற முடியாத பிரார்த்தனையெல்லாம் வரும்.

இதெல்லாம் சமீபத்திய மோகம் இல்லையா? எங்கள் காலத்தில் சிலேட்டும் பிரம்பும்தான் இருந்தது.

மோகம் என்றால் வயதான மோகம்தான். 17ஆம் நூற்றாண்டிலேயே செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ், ஆறு வயதுவரை பிள்ளையின் பள்ளி தாயின் மடிதான், அங்கே விளையாட்டும் நேரில் பார்ப்பதும்தான் பாடம் என்று எழுதினார். அவர் ஒரு திருச்சபையின் பேராயர்.

'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840இல் வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் ஒரு பாதிரியாரின் மகன். கடவுளின் ஒருமை இயற்கையில் வெளிப்படுகிறது, பிள்ளை அதை விளையாடித்தான் அறியும் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. அவருடைய தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1851இல் ஜெர்மனியின் பிரஷ்ய அரசு நாத்திகம் பரப்புவதாகச் சொல்லி இந்தப் பள்ளிகளைத் தடை செய்தது. ஃப்ரோபெலின் சகோதரர் மகன் கார்ல் எழுதியதை ஃப்ரோபெலே எழுதியது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். அடுத்த வருடமே ஃப்ரோபெல் காலமானார். தடை 1860இல்தான் நீங்கியது. பக்தி போதாது என்ற புகார் இந்த வகைப் பள்ளிகளுக்குப் புதிது இல்லை.

பிள்ளைகள் பூசை, தொழுகை, ஞானஸ்நானம் என்று வைத்து விளையாடுகிறார்கள். பொம்மைக்குச் சவ அடக்கம்கூட நடத்தினார்கள். இது தெய்வ நிந்தனை ஆகாதா?

ஆகாது. பெரியவர்கள் பயபக்தியோடு செய்வது எதையும் பிள்ளைகள் விளையாடித்தான் உள்ளே வாங்கிக்கொள்கிறார்கள். சமையல் விளையாட்டு சமையலைக் கேலி செய்வதா என்ன? 1954இல் ரோமில் சோஃபியா கவல்லெட்டியும் ஜியான்னா கோபியும் தொடங்கிய கத்தோலிக்கச் சிறுவர் சமயக் கல்வி முறையில், பிள்ளைகளின் கைக்கு அடங்கும் அளவில் சின்னப் பலிபீடமும் பாத்திரங்களும் செய்து, தொட்டுப் பழக விடுவார்கள். அதற்கு முன்பே மாண்டிசோரி பார்சிலோனாவில் பிள்ளைகளைக் கொண்டே கோதுமையும் திராட்சையும் பயிரிட வைத்து, அதை அப்பமும் திராட்சை ரசமும் படைக்கும் நற்கருணை வழிபாட்டோடு இணைத்துப் பார்த்தார்.

நான் போடும் கோடு ஒன்றுதான்: நிஜ வழிபாட்டுப் பொருள் நிஜ வழிபாட்டுக்கு, விளையாட்டுப் பொருள் விளையாட்டுக்கு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே காப்பாற்றுவார்கள்.

தோட்டத்தில் ஒரு குருவி செத்துக் கிடந்தது. "கடவுள் ஏன் சாகவிட்டார்?" என்று நான்கு வயதுப் பையன் கேட்டான். "கடவுள் தூங்க வைத்துவிட்டார்" என்றேன். சரிதானே?

நல்ல மனதோடு சொன்னீர்கள், ஆனாலும் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தூங்கினால் எழுந்துவிடலாம். அதனால் அவன் குருவி எழுந்திருக்கக் காத்திருப்பான். இல்லையென்றால் தான் தூங்கப் பயப்படுவான். "கடவுள் எடுத்துக்கொண்டார்" என்பதும் அப்படித்தான். அடுத்து அம்மாவை எடுத்துக்கொள்வாரோ என்று அவன் மனம் போகும்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்: "குருவி செத்துப்போச்சு. இனிமே மூச்சு விடாது, பறக்காது, வலிக்கவும் செய்யாது." செத்தது திரும்பாது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிடிபடும், ஆகவே நாளைக்கும் இதையே கேட்பான், அலுக்காமல் அதையே சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் நம்பிக்கையை, "நம்ம வீட்ல இப்படி நம்புறோம்" என்று சொல்லலாம். ஏன் என்ற கேள்விக்கு, "எனக்கும் அது தெரியாது, நானும் கடவுள்கிட்ட கேட்டிருக்கேன்" என்பது நேர்மையான பதில். புதைக்க வேண்டும் என்றால் சேர்ந்து புதையுங்கள், கையுறை போட்டு. பாட்டு வேண்டுமா வேண்டாமா என்று அவனே சொல்வான்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி பயமுறுத்துகிறார். எப்படித் தடுப்பது?

பாட்டியோடு சண்டை போடாதீர்கள். அவர் அன்பில் குறை இல்லை, சொல்லில்தான் குறை. ஆனால் அந்த இடத்தில் பிள்ளையிடம், "சாமி குத்தாது. நீ தம்பியைக் கிள்ளினா தம்பிக்கு வலிக்கும், அதான் வேண்டாங்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கடவுளைக் காவல்காரராக்கிவிட்டால், கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளை கற்பது அவரிடம் மறைக்கத்தான்.

புழுவைப் பார்த்து "இதையும் கடவுள்தான் படைச்சாரா?" என்று முகம் சுளிக்கிறாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் புழுவுக்கு வழி விடுங்கள். தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

எழுத்தும் எண்ணும் எப்போது?

இந்தப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும். ஈர மண்ணைப் பிசையும் விரல்தான் பிற்பாடு பென்சிலைப் பிடிக்கும். விதைகளைப் பிரித்து அடுக்குகிறவள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆறு வயதுக்கு முன் நோட்டுப் புத்தகம் நிரம்பவில்லை என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

வகுப்பில் வேறு மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்ன செய்வது?

சேர்க்கும்போதே பெற்றோரிடம் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நன்றி சொல்வதும் மௌனமாக இருப்பதும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். உங்கள் மதத்துக்கே உரிய சடங்கில் எந்தப் பிள்ளையையும் வலுக்கட்டாயமாக நிறுத்தாதீர்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு பங்கேற்புதான்.

நாங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். தோட்டத்துக்கு எங்கே போவது?

ஒரு கண்ணாடி டம்ளர், ஈரப் பஞ்சு, இரண்டு பயறு. விதையைக் கண்ணாடி ஓரமாக, வேர் இறங்குவது தெரியும்படி வையுங்கள். தினமும் காலையில் ஒரு தடவை சேர்ந்து பாருங்கள், அப்போதே பிரார்த்தனையும் ஆகிவிடும். முளைக்காவிட்டால், பிள்ளை தூங்கிய பிறகு ரகசியமாக வேறு விதையை மாற்றி வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். அதை எடுத்துக் காட்டி, "இது முளைக்கல, இன்னொண்ணு போடலாமா?" என்று கேளுங்கள்.