புதிதாக மாட்டிய ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் காட்டவில்லை. கடையில் கேட்டால் 'நீங்கதான் கெடுத்துட்டீங்க' என்கிறார்கள். என்ன செய்வது?

கீழே போடாமல், கனெக்டரை உடைக்காமல் மாட்டியிருந்தால் நீங்கள் எதையும் கெடுத்திருக்க மாட்டீர்கள். என்னிடமும் கடையில் 'நீங்கதான் கெடுத்துட்டீங்க' என்ற மாதிரிதான் சொன்னார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே இருக்கிறதா? இருந்தால் வயர் எல்லாம் சரி, விண்டோஸில்தான் வேலை பாக்கி. இல்லையென்றால் விண்டோஸில் எதைத் தட்டினாலும் பயனில்லை, பெட்டியைத் திறக்க வேண்டும். இதைப் பார்க்காமல் நான் இரண்டு நாளை விட்டேன்.

எனக்கு வட சென்னையில் தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைனும் செய்து கொடுக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து, தரையில் இருந்த சிபியு முழுக நனைந்தது. பதினொரு வருட டிசைன்கள் அதோடு போயின. அப்புறம் வாங்கிய கம்ப்யூட்டர் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி வைக்க வேண்டும் என்றுதான் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினேன்.

நானே மாட்டினேன். அது தவறு என்று யாராவது எழுதுவார்கள். என்னுடையது சாட்டா என்ற இணைப்பு முறையில் வேலை செய்யும் டிஸ்க். அதற்கு இரண்டே வயர்: மதர்போர்டிலிருந்து (எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை, போர்டு என்றே சொல்கிறேன்) வரும் மெல்லிய டேட்டா வயர், பவர் சப்ளையிலிருந்து வரும் அகலமான வயர். இரண்டின் முனையும் 'எல்' வடிவம், தலைகீழாகப் போகாது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்தால் இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

ஆன் செய்தேன், டிஸ்க்கைக் காணவில்லை. கையை வைத்துப் பார்த்தால் லேசான அதிர்வு இருந்தது. அப்படியானால் பவர் போகிறது, உள்ளே தட்டு சுற்றுகிறது. டேட்டா வயரை மாற்றினேன், பலனில்லை. எங்கள் கடையிலிருந்து காசிமேடு கடற்கரை பக்கம்தான். உப்புக் காற்றில் போர்டில் செருகும் ரேம் என்ற நினைவகத் துண்டின் பித்தளை நிறப் பற்கள்கூடக் கறுத்துப் போகும், அழிரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். அதுவாக இருக்குமோ என்று கனெக்டரையும் துடைத்தேன். அப்போதும் வரவில்லை.

மறுநாள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே மெட்ரோவில் போனேன். கடைப் பையன் அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டினான், உடனே வந்துவிட்டது. அதோடு, "நீங்க மாட்டினதுல ஏதோ போயிருக்கு, வீட்ல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க மேடம், அவங்ககிட்ட சொல்றேன்" என்றான். பதினோரு வருடத்துக்கு மேலாக நான் ஒருத்தியாகக் கடை நடத்துகிறேன். பிரிண்டரின் ஃபியூசர் ரோலரை நானேதான் மாற்றுகிறேன். அங்கே ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, ஆளை வரவழைக்கலாம் என்று இரண்டு சர்வீஸ்காரர்களுக்கு போன் செய்தேன். தண்டையார்பேட்டை என்றதும் ஒருவர், "அந்தப் பக்கம் ஆள் அனுப்புறதில்லைங்க" என்றார். இன்னொருவர் வந்து போகவே தனியாக அறுநூறு ரூபாய் கேட்டார். 2021-லேயே எங்கள் வாசலுக்கு மெட்ரோ வந்துவிட்டது. ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் ஏறினால் வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். இருந்தும் வட சென்னை என்றாலே ஏதோ வேறு ஊர் மாதிரி பேசுகிறார்கள். இங்கேயும் கடை இருக்கிறது, ஜிஎஸ்டி கட்டுகிறோம், பிள்ளைகள் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை.

அன்று இரவு போர்டின் கையேட்டை நெட்டில் எடுத்து, சாட்டா என்று வரும் இடங்களை மட்டும் படித்தேன். ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது காரணம். என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருப்பது போர்டிலேயே படுத்தவாக்கில் செருகும் எம்.2 எஸ்எஸ்டியில் (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் சின்ன அட்டை). அதில் சாட்டா வகை, அதைவிட வேகமான என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு. என்னுடையது சாட்டா வகை. அந்த இடத்தில் சாட்டா வகையைச் செருகினால் போர்டின் ஒரு சாட்டா போர்ட் (டேட்டா வயரைச் செருகும் இடம்) அணைந்துவிடும், இரண்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கைக்கு எட்டியது என்று நான் வயரைச் செருகியது அதே போர்ட்டில். பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினேன், பயாஸில் பெயர் வந்துவிட்டது. டிஸ்க்கும் நன்றாக இருந்தது, என் கையும் சரியாகத்தான் மாட்டியிருந்தது.

எல்லாப் போர்டிலும் இப்படி இல்லை. சிலவற்றில் என்விஎம்இ செருகினால்தான் போர்ட் அணையும், சிலவற்றில் எதுவும் அணையாது. அதனால் உங்கள் போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கியதே எம்.2 என்றால், உங்கள் போர்டின் இடம் எந்த வகையை ஏற்கும் என்பதையும் அதிலேயே பாருங்கள். என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா வகை கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கம்ப்யூட்டர் அதைக் காட்டாது.

பயாஸில் வந்த பிறகும் 'திஸ் பிசி'யில் டிஸ்க் வராது. பயப்படாதீர்கள், புது டிஸ்க் அப்படித்தான். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் 'இனிஷியலைஸ்' செய்யவா, அதாவது புது டிஸ்க்கைப் பயன்படுத்தத் தயார் செய்யவா என்று கேட்கும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்க அங்கே இரண்டு முறை காட்டும். அதில் ஜிபிடி தேர்ந்தெடுங்கள், பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் தாங்காது. அப்புறம் கறுப்புப் பட்டை உள்ள காலி இடத்தில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', அவ்வளவுதான். ஆனால் கை வைக்கும் முன் டிஸ்க்கின் அளவைப் பார்த்து அது புதியதுதான் என்று உறுதி செய்யுங்கள். ஏற்கெனவே ஃபைல்கள் இருந்த பழைய டிஸ்க்குக்கு இந்தக் கேள்வி வந்தால் 'கேன்சல்' கொடுத்துவிட்டு டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டும். அது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

உங்கள் போர்டின் மாடல் எண் போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதையும், எந்தப் போர்ட்டில் செருகினீர்கள் என்பதையும் எழுதுங்கள், கையேட்டை எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். இரவு ஒன்பதரைக்குக் கடை மூடிய பிறகுதான் பதில் போட முடியும். அதுவரை பில்லையும் டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.