குவெர்செட்டின் மாத்திரை இருந்தால் அம்மாவின் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பல ஆண்டுகளாக ஆஸ்துமா. காலையும் இரவும் கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் இன்ஹேலர் எடுக்கிறார். இதய வால்வு அறுவை சிகிச்சை ஆனதால் ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் மாத்திரையும் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் தம்பி 500 மில்லிகிராம் குவெர்செட்டின் மாத்திரைகள் அனுப்பியிருக்கிறான். “செடியிலிருந்து எடுத்ததுதான், பக்கவிளைவு இல்லை, ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம்” என்கிறான். அம்மாவுக்கும் அதே ஆசை. கொடுக்கலாமா?

பதில்: இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். அந்தப் புட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

ஆஸ்துமாவை விட, உங்கள் அம்மா எடுக்கும் அசெனோகூமரால்தான் எனக்கு முதல் கவலை. அதைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. குவெர்செட்டின் என்பது ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சேர்ம வகையைச் சேர்ந்தது; ஆய்வகச் சோதனைகளில் அது அதே நொதியைத் தடுக்கிறது. உடலிலும் அப்படி நடந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும், ஈறிலோ குடலிலோ ரத்தம் கசியலாம். வால்வு பொருத்தியவருக்கு அந்த அளவு ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. தம்பி ஆசையாய் அனுப்பியது என்பதற்காக இதில் விளையாடக் கூடாது.

குவெர்செட்டினுக்கு இவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வாமையின்போது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன; மூக்கு ஒழுகுவதிலும் மூச்சுக்குழல் சுருங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சோதனைக் கிண்ணத்தில் குவெர்செட்டினைச் சேர்த்தால் அந்தச் செல்கள் அடங்குகின்றன. இது உண்மை. ஆனால் நாம் விழுங்குவது அப்படியே நுரையீரலுக்குப் போவதில்லை. குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது. அதுவும் குடல் சுவரிலும் கல்லீரலிலும் வேறு வடிவங்களாக மாறிய பிறகே ரத்தத்துக்கு வருகிறது. கிண்ணத்தில் வேலை செய்த பொருள் வேறு, மூச்சுக்குழலை எட்டும் பொருள் வேறு.

உணவு பற்றிய சான்று இதைவிட நல்லது. பின்லாந்தில் பத்தாயிரம் பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஆய்வில், குவெர்செட்டின் அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்துமா குறைவாகவே வந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டது ஆப்பிளும் வெங்காயமும், மாத்திரை அல்ல. உணவில் கண்ட நன்மையை மாத்திரையில் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அதே நாடு ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. புகைபிடிக்கும் 29,000 ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பீட்டா கரோட்டின் ஃபிளேவனாய்டு அல்ல. ஆனாலும் ‘செடியிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

தாவரம் நுரையீரலுக்கு மருந்து தந்ததே இல்லையா என்றால், தந்திருக்கிறது. கிழக்கு மத்தியத்தரைக் கடல் பகுதியில் வளரும் அம்மி விஸ்நாகா என்ற செடியின் விதையில் கெல்லின் இருக்கிறது. வேதியியல் அமைப்பில் அது ஃபிளேவனாய்டுகளுக்கு நெருங்கிய உறவு. பிரிட்டனில் ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர், தானே ஆஸ்துமா நோயாளி, கெல்லினை ஒட்டி உருவாக்கிய நூற்றுக்கணக்கான சேர்மங்களைத் தன் மீதே சோதித்தார். கினிப் பன்றியின் முடித்துகள் கலந்த கரைசலைச் சுவாசித்து, வேண்டுமென்றே மூச்சிரைப்பை வரவழைத்துக்கொள்வார்! 1965-ல் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து கிடைத்தது. அதையும் விழுங்கிப் பயனில்லை, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இன்று ஆஸ்துமாவுக்கு அதை அரிதாகவே கொடுக்கிறோம். அதைவிட நன்றாக வேலை செய்வது, உங்கள் அம்மா விட நினைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான்.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து இன்ஹேலரை விட்டவர்கள் நள்ளிரவில் ஆக்ஸிஜன் முகமூடியோடு வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கணக்கைப் பாருங்கள்: இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டான புடெசொனைடை 200 மைக்ரோகிராம் உறிஞ்சுவது, 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையின் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதுவும் நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது. உறிஞ்சி முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் தொண்டையில் பூஞ்சை வரும் வாய்ப்பு குறையும்.

மருந்து வேலை செய்யவில்லை என்று அம்மா சலித்துக்கொண்டால், அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள். உறிஞ்சி முடித்ததும் கருவியைத் திறந்து காலிக் கேப்ஸ்யூலை வெளியே எடுங்கள். உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால், மருந்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகவே இல்லை. மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகு வேகமாக, ஆழமாக இழுத்து, சில நொடிகள் அடக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். என்னிடம் வருபவர்களில் பலருக்கு மருந்தை மாற்றவே தேவைப்படவில்லை, இழுக்கும் விதத்தைத் திருத்தினாலே போதுமானதாக இருந்தது.

செடியின் சத்து வேண்டும் என்றால் சமையலறையிலேயே இருக்கிறது. 100 கிராம் வெங்காயத்தில் சுமார் 20 முதல் 40 மில்லிகிராம் குவெர்செட்டின் உண்டு. வெளி அடுக்குகளில்தான் அதிகம் என்பதால், காய்ந்த தோலை மட்டும் உரித்தால் போதும். வேகவைத்தால் நீரில் இறங்கும். குழம்பில் போட்டால் வீணாகாது. கணக்குப் பார்த்தால், தம்பி அனுப்பிய ஒரு மாத்திரை ஒரு கிலோவுக்கு மேற்பட்ட வெங்காயத்துக்குச் சமம். அவ்வளவை ஒரு வேளையில் யாரும் சாப்பிடுவதில்லை.

கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் அம்மாவின் அறையிலிருந்து அகற்றுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு அடைக்கும்போது எடுக்கும் இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப எடுத்தும் அடங்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இன்ஹேலர் கருவி, குவெர்செட்டின் புட்டி, கடைசி ஐ.என்.ஆர். சீட்டு மூன்றையும் எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.